ரேம் கூட்டிய பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

டெஸ்க்டாப்பில் ரேம் கூட்டுவதைப் போலச் சுலபமான வேலை வேறு இல்லை. கேபினெட்டின் பக்கக் கதவில் ரெண்டு ஸ்குரூ, உள்ளே ஒரு கிளிப், ஸ்டிக்கை வைத்து அழுத்தினால் க்ளிக், முடிந்தது. ஐந்து நிமிஷம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் ஏதாவது ஒன்று பிசகினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றுவிடும், அதுவும் தப்பு எங்கே என்று தெரியாமல் புது ஸ்டிக்கின் மேல் பழியைப் போட்டுக் கடைக்கு ரெண்டு நடை அலைய வைக்கும். நான் அலைந்திருக்கிறேன்.

என் மெஷின் பி450 மதர்போர்டு, ரைஸன் 5 3400ஜி பிராசசர், அதில் 2666 வேகத்தில் ஓடும் 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஒன்று. ரெண்டு வருஷம் கழித்து அதே பிராண்டில், அதே 8 ஜிபி, அதே 2666 என்று ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொன்றை வாங்கிப் போட்டேன். ஜோடி சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சேரவில்லை, அந்தக் கதை கீழே வருகிறது. அப்புறம் ஒரே பெட்டியில் ரெண்டு ஸ்டிக்காக வரும் 3200 கிட் ஒன்றை வாங்கினேன், அதையும் தப்பான ஸ்லாட்டில் போட்டு மூன்று வாரம் ஓட்டினேன். சொந்தக்காரர்கள், நண்பர்கள் மெஷின்களையும் சேர்த்துப் பார்த்ததில், உண்மையாகவே செத்துப்போன ஸ்டிக் என்று நான் கண்டது விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றதெல்லாம் சரியாக உட்காராதது, ஸ்லாட் மாறியது, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் புரோகிராம்) செட்டிங், அல்லது ஜோடிப் பொருத்தம் இல்லாதது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரே ஒரு விதி: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் பயாஸ் செட்டிங்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டால், எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது, அடுத்த வாரம் அதே தொல்லை திரும்பும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கதவைத் திறப்பதற்கு முன்னால், ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் ஒரு குட்டி லைட் எரிந்துகொண்டிருந்தால் இன்னும் ஸ்டாண்ட்பை கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம், அது அணைந்த பிறகு கை வையுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் சாதாரண ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது, ஷிப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை

சர்வீஸ்காரர்கள் "நோ டிஸ்ப்ளே" என்று சொல்லும் இதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. ஆனால் பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பிரச்சினை இதுதான்.

மதுரையில் இருக்கும் சித்தப்பா போன் பண்ணினார்.

"ஏப்பா, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, டிவி மட்டும் வரல."

மானிட்டரை அவர் டிவி என்றுதான் சொல்வார்.

"சித்தப்பா, ஸ்டிக்கை நல்லா அழுத்துனீங்களா?"

"அழுத்துனேம்ப்பா. ஒடைஞ்சிருமோன்னு பயமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அதேதான். ரேம் ஸ்டிக் நாம் நினைப்பதைவிட அதிக அழுத்தம் கேட்கும். டிடிஆர்4 (டிடிஆர்3, 4, 5 என்பவை ரேமின் தலைமுறைகள்) ஸ்டிக்கின் தங்க நிற விளிம்பைக் கவனித்துப் பாருங்கள், நேர்கோடாக இருக்காது, நடுப்பகுதி கொஞ்சம் கீழே தொங்கினாற்போல இருக்கும், ஓரங்கள் சற்று மேலே ஏறியிருக்கும். அதனால் நடுவில் மட்டும் உட்கார்ந்துவிட்டு ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது சகஜம். ரெண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் என்று அழுத்துங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் அசையும், மறுபக்கம் அசையாத பள்ளம். அந்த அசையாத பக்கத்தில்தான் க்ளிக் சத்தம் வராமல் ஏமாறுவோம், அது பெரும்பாலும் டிஸ்ப்ளே கார்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. டார்ச் அடித்து, ஸ்டிக்கின் அடிப்பகுதி ஸ்லாட்டோடு ஒரே மட்டத்தில் ஓடுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறம் ஒரு பக்கம் மட்டும் எட்டிப் பார்த்தால் உட்காரவில்லை.

அழுத்தும்போது பக்கத்தில் இருக்கும் ஒயர் ஏதாவது லேசாகக் கழன்றிருக்கும், முக்கியமாகப் பிராசசருக்குப் போகும் மேல்மூலை எட்டு பின் ஒயர். அதையும் ஒரு அழுத்து அழுத்துங்கள். டிஸ்ப்ளே கார்டு வைத்திருப்பவர்கள் மானிட்டர் கேபிளை அவசரத்தில் போர்டில் செருகிவிட்டு ரேமைத் திட்டுவதும் உண்டு.

டிடிஆர்5 போர்டு என்றால் எதையும் தொடாமல் காத்திருங்கள். புது ஸ்டிக் போட்டதும் அந்த போர்டு அதைப் பழக்கப்படுத்திக்கொள்ளும், மெமரி டிரெய்னிங் என்பார்கள். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் முதல் தடவை பல நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் ரெண்டாவது நிமிஷத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும். டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பதினைந்து நிமிஷம் தாண்டியும் ஒன்றும் இல்லை என்றால் மட்டும் அடுத்த வேலை.

அடுத்த வேலை, எல்லா ஸ்டிக்கையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் போடுவது. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் ரெண்டாவது ஸ்லாட், பெரும்பாலான போர்டுகளில் ஏ2 என்று எழுதியிருக்கும். வந்ததா? அந்த ஸ்டிக்கும் அந்த ஸ்லாட்டும் நல்லவை. இப்போது அதே ஸ்லாட்டில் மற்ற ஸ்டிக். அதுவும் வந்தால் ரெண்டு ஸ்டிக்கும் உயிரோடு இருக்கிறது. அப்புறம் ஏற்கெனவே நல்லது என்று தெரிந்த ஸ்டிக்கை நான்காவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். இந்த மூன்று சோதனையில் ஸ்டிக்கா, ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். நாலாவது தடவை கழற்றி மாட்டும்போது எது எது என்று குழம்பும், ரெண்டு ஸ்டிக்கும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். நான் ஒன்றின் மேல் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துவிடுவேன்.

நல்ல ஸ்டிக் ஒரு ஸ்லாட்டில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பல வருஷமாகக் காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் தூசி அடைந்திருக்கும், நம் ஊர் கேபினெட்டில் எறும்பு மண் இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. பிளோயரால் ஊதி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். இன்டெல் போர்டு என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு: பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, கூலரை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கியிருந்தாலோ ஒரு சேனல், அதாவது பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள ரெண்டு பாதையில் ஒன்று, முழுசாகக் காணாமல் போகும். சமீபத்தில் கூலரைக் கழற்றி மாட்டியிருந்தால் அதை நினைத்துப் பாருங்கள்.

ரப்பர் போட்டுத் தேய்ப்பது பற்றி எல்லாரும் கேட்பார்கள். பழைய ஸ்டிக்கில் தங்க நிறம் மங்கிக் கறுத்திருந்தால் வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லியது, மாதா மாதம் தேய்க்க அது பித்தளைக் குத்துவிளக்கு இல்லை. மென்மையான பென்சில் ரப்பரால் ரெண்டு இழுப்பு, துகள் ஒன்றுகூட ஒட்டாமல் தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, காய்ந்ததும் மாட்டுங்கள். புது ஸ்டிக்கைத் தேய்க்க எந்தக் காரணமும் இல்லை.

இத்தனைக்கும் வரவில்லை என்றால் சிமாஸ் கிளியர். ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியை ஐந்து நிமிஷம் வெளியே எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள். பழைய ஸ்டிக்குக்காகப் பயாஸ் நினைவில் வைத்திருந்த வேகம், வோல்டேஜ் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும். இதைச் செய்தால் வேறு சில விளைவுகள் உண்டு, கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

சரியாகப் பொருந்துகிறது, ஆனால் எந்த ஸ்லாட்டிலும் உயிர் இல்லை

மலிவு விலையில் வாங்கிய ஸ்டிக்கில் வரும் நோய் இது. டிடிஆர்3 ஸ்டிக்கில் 240 பின், டிடிஆர்4-லும் டிடிஆர்5-லும் 288 பின், ஸ்டிக்கின் விளிம்பில் இருக்கும் வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறும் என்பதால் மாற்றிச் செருக முடியாது. பலவந்தமாக அழுத்தினால் ஸ்லாட் உடையும், அவ்வளவுதான். ஆனால் பொருந்துவதெல்லாம் வேலை செய்யும் என்று இல்லை.

முதல் வகை, சர்வரிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ஸ்டிக். 16 ஜிபி பாதி விலைக்குக் கிடைக்கும், டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், டிஸ்ப்ளே மட்டும் வரவே வராது. ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்தால் தப்பிக்கலாம். நல்ல டெஸ்க்டாப் ஸ்டிக்கில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-யுஏ2" என்பது போல ஒரு வரி இருக்கும். வேகத்துக்கு அடுத்த கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எழுத்துதான் முக்கியம்: யு என்றால் டெஸ்க்டாப், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர். ஆர் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முன்னால் இருக்கும், சிப் அமைப்பைச் சொல்லும் 1ஆர்எக்ஸ்8 என்பதையும் மனதில் வையுங்கள், புளூ ஸ்கிரீன் பகுதியில் தேவைப்படும்.

ரெண்டாவது வகைதான் சித்தப்பாவுக்கு வந்தது, அழுத்தி முடித்த பிறகும் அவர் "டிவி" வரவில்லை. அவருடையது எச்61 போர்டு, இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ3. யாரோ மலிவாகக் கொடுத்த 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக், கடையில் போட்டுக் காட்டியபோது ஓடியதாம். ஓடியிருக்கும், கடையில் இருந்தது ஏஎம்டி மெஷின். சிப்புகள் வேறு விதமாக அடுக்கப்பட்ட ஒரு வகை 8 ஜிபி டிடிஆர்3 உண்டு, பழைய ஏஎம்டி போர்டுகள் அதைப் படிக்கும், இன்டெல் படிக்காது. ஸ்டிக்கில் குறை இல்லை, போர்டிலும் குறை இல்லை, ஜாதகம்தான் பொருந்தவில்லை. மாற்றி வாங்கியதும் முதல் அழுத்திலேயே வந்தது.

பீப் அடிக்கிறது, அல்லது போர்டில் ஒரு லைட் நிற்கிறது

பீப் வந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள், போர்டு உங்களோடு பேசுகிறது. பழைய அவார்டு பயாஸில் நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் ரேம், ஒரு நீளமும் ரெண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. மற்ற கம்பெனிகளில் கணக்கு மாறும், மேனுவலைப் பாருங்கள். இப்போதைய போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் பதில் டிராம் என்று எழுதிய ஒரு குட்டி எல்இடி இருக்கும். அது நின்று எரிந்தால் மேலே சொன்ன ஒற்றை ஸ்டிக் சோதனைக்குப் போங்கள்.

ஸ்பீக்கர் இருக்கும் மெஷினில் பழைய மெக்கானிக் தந்திரம் ஒன்று: எல்லா ரேமையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டு கத்த வேண்டும். ரேமே இல்லாமலும் அது சத்தம் போடவில்லை என்றால் தொல்லை ரேமில் இல்லை. பிராசசர், எஸ்எம்பிஎஸ், போர்டு பக்கம் தேடுங்கள்.

ஆன் ஆகிறது, அணைகிறது, மறுபடி ஆன் ஆகிறது

ரெண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு வந்துவிட்டால் பிரச்சினை இல்லை, புது ஸ்டிக்குக்கு ஏற்றபடி போர்டு முயற்சி செய்து பார்க்கிறது. எக்ஸ்எம்பி (ஸ்டிக்கரில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்த உடனே இப்படி ஆனால் அந்த வேகத்தை அது தாங்கவில்லை. சில முயற்சிக்குப் பிறகு தானாகவே பழைய வேகத்துக்கு இறங்கிவரும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சிமாஸ் கிளியர்.

சிமாஸ் கிளியர் செய்தேன், இப்போது விண்டோஸே வரவில்லை

ரேமைச் சரி செய்யப் போய் வாங்கிக்கொண்ட உபரி இது. பயாஸ் முழுக்கத் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும். "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் பயாஸுக்குள் போய் பூட் வரிசையையும், யுஇஎஃப்ஐ, லெகசி என்ற பூட் முறைத் தேர்வையும் முன்பு இருந்தபடி வையுங்கள். பழைய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் பயன்முறை ஏஎச்சிஐ, ஐடிஇ என்று மாறியிருந்தால் விண்டோஸ் பாதியில் புளூ ஸ்கிரீன் அடிக்கும். அதைப் பார்த்து ரேம்தான் என்று மறுபடி கதவைத் திறக்காதீர்கள். விண்டோஸ் வந்தும் எந்த வெப்சைட்டும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் வலது மூலையில் தேதியைப் பாருங்கள், ஏதோ ஒரு பழைய வருஷத்தில் நிற்கும்.

பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு, போட்டிருப்பவர்கள் மட்டும் கவனம். பயாஸைக் கிளறினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்க வாய்ப்பு உண்டு. பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று போனில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

16 போட்டேன், முழுசாகக் காட்டவில்லை

எவ்வளவு குறைகிறது என்பதே பதிலைச் சொல்லிவிடும். சரிபாதி, அதாவது 8 மட்டும் காட்டினால் ஒரு ஸ்டிக்கை போர்டு பார்க்கவே இல்லை. திரும்ப அழுத்துங்கள், ஸ்லாட் மாற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்று ஒரு வரி இருக்கும், அதில் 2 என்று இருக்கிறதா பாருங்கள்.

16 என்று காட்டி, பயன்படுத்தக்கூடியது 13.9 என்று பக்கத்தில் போட்டால் ஒன்றும் கெடவில்லை. தனி டிஸ்ப்ளே கார்டு இல்லாத மெஷினில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் தன் பங்கை ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும். என் 3400ஜி அப்படித்தான் ரெண்டு ஜிபியை விழுங்கிவைத்திருந்தது. பயாஸில் அந்தப் பங்கைக் குறைக்கலாம், கேம் ஆடுபவர்கள் குறைக்க வேண்டாம்.

3 ஜிபி சொச்சத்தில் நின்றால் 32 பிட் விண்டோஸ். எத்தனை ரேம் போட்டாலும் அது 4 ஜிபியைத் தாண்டாது, 64 பிட் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். பயாஸில் முழுசாகத் தெரிந்து, 64 பிட் விண்டோஸில் மட்டும் குறைந்தால் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மெஷின் வேகமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி டிக் போட்டவர்கள் நிறைய பேர்.

3200 வாங்கினேன், 2133 அல்லது 2666 காட்டுகிறது

ஏமாற்று வேலை இல்லை. ஸ்டிக்கரில் பெரிதாக அச்சடித்த வேகம் பல ஸ்டிக்குகளில் எக்ஸ்எம்பி வேகம். நீங்கள் பயாஸில் ஆன் செய்கிற வரை அது 2133, 2400, 2666 என்று அடிப்படை வேகத்தில்தான் ஓடும். இன்டெல்லில் எக்ஸ்எம்பி, ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டுகளில் எக்ஸ்போ, ஆசுஸின் ஏஎம்4 போர்டுகளில் டிஓசிபி என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

ஆன் செய்தும் ஏறவில்லை என்றால் போர்டின் எல்லையைப் பாருங்கள். பி460, எச்410 போர்டுகளில் ஐ5-10400 போட்டால் 2666-க்கு மேல் போகாது, 3600 ஸ்டிக் வாங்கியவர் காசு வீண். ரெண்டு வெவ்வேறு வேக ஸ்டிக்கைச் சேர்த்தால் ரெண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்தில் ஓடும்.

மெஷின் விவரம் காட்டும் சிபியு-இசட் என்ற புரோகிராம் 1600 என்று காட்டுகிறதே என்று பதறாதீர்கள். அது மெகாஹெர்ட்ஸ், டிடிஆர் ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை தரவை அனுப்பும், 1600-ஐ ரெண்டால் பெருக்கினால் உங்கள் 3200.

அளவு சரி, வேகம் சரி, ஆனாலும் மெஷின் இழுக்கிறது

என் மூன்று வாரக் கதை இதுதான். புதுக் கிட் வந்த சந்தோஷத்தில் ரெண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகிவிட்டேன். 16 ஜிபி காட்டியது, 3200 காட்டியது, எல்லாம் நலம். கேம் மட்டும் பழைய ஒற்றை ஸ்டிக்கில் ஓடியதைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. மூன்றாவது வாரம் தற்செயலாக சிபியு-இசட் திறந்தபோது மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் சிங்கிள் என்று உட்கார்ந்திருந்தது.

கணக்கு எளிது. ஒரு சேனல் 64 பிட் அகலம், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். 3200-ஐ எட்டால் பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜிபி. ரெண்டு சேனலும் திறந்தால் 51.2. ஒற்றை வழிச் சாலையை இருவழிச் சாலையாக்குவது போல. தனி கார்டு இல்லாமல் ரேமையே கிராஃபிக்ஸும் உறிஞ்சும் 3400ஜி மாதிரி மெஷின்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தனி கார்டு வைத்து வேர்ட், பிரவுசர் மட்டும் ஓட்டுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

நான்கு ஸ்லாட் போர்டில் ரெண்டு ஸ்டிக் போட வேண்டிய இடம் பிராசசரிலிருந்து ரெண்டாவதும் நான்காவதும். ஸ்லாட்டுக்கு நிறம் இருந்தால் ஒரே நிறத்தில் போடுங்கள். மாற்றிப் போட்டேன், சிங்கிள் என்பது டூயல் ஆனது, அதே கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று வாரம் போனது போனதுதான். டிடிஆர்5-இல் மட்டும் சிபியு-இசட் வேறு மாதிரி காட்டும், ஒவ்வொரு ஸ்டிக்கும் உள்ளே ரெண்டு 32 பிட்டாகப் பிரிந்திருப்பதால் 4 x 32 பிட் என்று இருந்தால் ஜோடி வேலை செய்கிறது, 2 x 32 என்றால் ஒன்று மட்டும்.

8-உம் 4-உம் சேர்த்துப் போட்டவர்களுக்கு: இன்டெல் போர்டுகளில் 4-க்கு 4 ஜோடியாக ஓடும், மீதி 4 ஒற்றையாக ஓடும். ஒன்றும் கெட்டுப்போகாது, முழு வேகமும் கிடைக்காது.

வாரத்துக்கு ரெண்டு தடவை புளூ ஸ்கிரீன், காரணமே இல்லாமல் பிரவுசர் மூடிக்கொள்கிறது

இதுதான் நோ டிஸ்ப்ளேயைவிட மோசம், ஏனென்றால் பாதி நாள் நன்றாக ஓடும். மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட், ஐஆர்க்யூஎல் என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் வரும். எப்போதும் ஒரே டிரைவர் பெயரோடு வந்தால் டிரைவரைச் சந்தேகப்படுங்கள், தினம் ஒரு பெயரில் வந்தால் ரேம். பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது திடீரென்று ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லி, மறுபடி பிரித்தால் சரியாக வருவதும் இதே கேஸ்.

என் முதல் ஜோடி இப்படித்தான் ஒன்றரை மாதம் படுத்தியது. கடையில் "விண்டோஸ் போடுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். போட்டேன், ஆகவில்லை. கடைசியில் ரெண்டு ஸ்டிக்கையும் வெளியே எடுத்து மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழையதில் எட்டு சிப், புதியதில் நான்கே சிப். பழையதில் 1ஆர்எக்ஸ்8, புதியதில் 1ஆர்எக்ஸ்16. ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒரே வேகம், உள்ளே வேறு பிறவி. ரெண்டு வருஷ இடைவெளியில் கம்பெனி சிப்பை மாற்றியிருக்கிறது, ஸ்டிக்கரின் முன்பக்கத்தை மாற்றவில்லை. இப்படிக் கலந்து போட்டால் ஓடவே ஓடாது என்று இல்லை, பல மெஷின்களில் ஓடும். என்னுடையதில் ஓடவில்லை. கிட்டாக வரும் ஜோடியைக் கம்பெனியே சேர்த்து வைத்து ஓட்டிப் பார்த்து அனுப்புகிறது, நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான். ஒரே மாடலில் தனித்தனியாக ரெண்டு வாங்குவது கிட் ஆகாது.

சந்தேகம் என்றால் சோதனை. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் மேலோட்டமாகத்தான் பார்க்கும், அது பாஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள். மெம்டெஸ்ட்86+ ஐ பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள், பூட் ஆக மறுத்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், குறைந்தது ஒரு முழுச் சுற்று, நான்கு சுற்று போனால் நிம்மதி. ஒரே ஒரு எரர் வந்தாலும் எரர்தான், "ஒண்ணுதானே" என்று விட முடியாது, அந்த ஒன்று நாளை உங்கள் பிள்ளையின் புராஜெக்ட் ஃபைலில் போய் விழும்.

எரர் வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது சுத்தம் என்றால் ஸ்டிக் நல்லது, வேகம்தான் அதிகம். 3400ஜி-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகமே 2933, 3200 என்பது அதற்கு மேல் ஏற்றுவது. ஒரு படி இறக்கி ஓட்டினால் கையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்எம்பி இல்லாமலும் எரர் என்றால் ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டுங்கள். ஒன்று மட்டும் தோற்றால் அதைத் திருப்பிக் கொடுங்கள். தனித்தனியாக ரெண்டும் ஜெயித்து, சேர்ந்தால் மட்டும் தோற்றால் ஜோடிப் பொருத்தம் இல்லை, எந்த கடைக்காரரும் அதைப் பழுது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

ரெண்டு நன்றாக ஓடியது, நான்கு போட்டதும் தகராறு

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பிராசசருக்குப் பாரம் கூடும், வேகம் இறங்கும். ரைஸன் 7000 வரிசையில் ரெண்டு ஸ்டிக்குக்கு 5200 என்று சொல்லும் ஏஎம்டி, நான்கு ஸ்டிக்குக்கு 3600 என்றுதான் சொல்கிறது. டிடிஆர்5-இல் 16 x 4 வாங்குவதற்குப் பதில் 32 x 2 வாங்குங்கள். ஏற்கெனவே நான்கு வாங்கியாயிற்று என்றால் எக்ஸ்எம்பி, எக்ஸ்போவை மறந்துவிட்டு அடிப்படை வேகத்தில் ஓட்டுங்கள். பயாஸ் அப்டேட் வந்திருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், சில போர்டுகளுக்கு உண்மையாகவே உதவும்.

ஸ்டிக்தான் பழுது என்று உறுதியாகிவிட்டது

ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், வாரண்டி அதில்தான் இருக்கிறது. மெம்டெஸ்டின் சிவப்பு வரிகளைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், "எங்க மெஷின்ல ஓடுதே சார்" என்று கடையில் சொல்லும்போது காட்ட உதவும். கிட்டாக வாங்கியது என்றால் ஒரு ஸ்டிக் மட்டும் கெட்டிருந்தாலும் பெரும்பாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், மாற்றுவதும் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். அது திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மெஷினில் போட ஒரு ஸ்டிக் வேண்டும். என் பழைய 2666, எட்டு சிப் வைத்தது, அதற்காகவே மேஜை டிராயரில் கிடக்கிறது.